ஏவுதலுக்கு முன்: சோதனையில் தப்பிவிடும் தவறுகள்

இப்போது செயற்கைக்கோள் செய்யும் இளைஞர் குழுக்கள் நிறைய வந்துவிட்டன. கல்லூரி அணிகள், சிறு நிறுவனங்கள். அவர்களுடைய ஒருங்கிணைப்பு அறைக்குப் போகும்போதெல்லாம் ஒன்று கண்ணில் படுகிறது. கருவிகள் மாறிவிட்டன, கணினிகள் மாறிவிட்டன, தவறுகள் மட்டும் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள்.

கையில் எர்த் பட்டை கட்டுங்கள், கையுறை போடுங்கள், ஸ்பேனரை உள்ளே விட்டுவிடாதீர்கள் என்பதையெல்லாம் முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வருவது வேறு வகை. சோதனை அறையில் எல்லா விளக்கும் பச்சையாக எரியும். ஏவிய பிறகுதான் குட்டு வெளிப்படும்.

## வேலை செய்கிறது, சரி. எந்தப் பக்கம்?

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கைரோ என்றால் திருப்பத்தை அளக்கும் சென்சார். "கைரோவைச் சோதித்தீர்களா?" என்று கேட்டால், "சிக்னல் வருது சார்" என்பார்கள். சிக்னல் வருவது எனக்கும் தெரிகிறது. செயற்கைக்கோளை வலப்பக்கம் திருப்பினால் வருவது பிளஸ்ஸா, மைனஸா? அங்கே ஒரு மௌனம்.

2013 ஜூலை 2 அன்று பைக்கனூரிலிருந்து கிளம்பிய புரோட்டான்-எம் ராக்கெட்டை நினைத்துப் பாருங்கள். மேலே மூன்று குளோனாஸ்-எம் வழிகாட்டுச் செயற்கைக்கோள்கள். கிளம்பிய சில நொடிகளிலேயே ஒரு பக்கம் சாய்ந்தது, திருத்தப் பார்த்து மறுபக்கம் சாய்ந்தது, கவிழ்ந்து, அரை நிமிடத்தில் தரையில் மோதி வெடித்தது. ரஷ்யத் தொலைக்காட்சியில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. விசாரணையில் தெரிந்த காரணம்: பக்கவாட்டுத் திருப்பத்தை அளக்கும் கோணவேக சென்சார்களில் சில தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. எந்தப் பக்கம் மேலே என்று காட்டும் அம்புக்குறி அவற்றில் இருந்தது. தப்பாக வைத்தால் எளிதில் உட்காராதபடிதான் வடிவமைப்பும் இருந்தது. ஆனாலும் அழுத்தி உட்கார வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலை ஆவணத்தில் வேண்டிய கையெழுத்துகளும் இருந்தன.

ராக்கெட் தரையில் நிற்கும்போது அது திரும்புவதில்லை. ஆகவே அந்த சென்சார் 'திருப்பம் பூஜ்ஜியம்' என்றுதான் சொல்லும். நேராக வைத்தாலும் பூஜ்ஜியம், தலைகீழாக வைத்தாலும் பூஜ்ஜியம். மின்சாரச் சோதனையில் அது நூறு மதிப்பெண் வாங்கிவிடும். கிளம்பிய பிறகுதான் வலப்பக்கச் சாய்வை இடப்பக்கம் என்று சொல்லும். கணினியும் அதை நம்பிச் சாய்வைக் கூட்டிக்கொண்டே போகும்.

மும்முனை மின்சாரத்தில் இரண்டு பேஸை மாற்றிக் கொடுத்தால் பம்ப்செட் மோட்டார் ஓடும், சத்தமும் வரும், ஆம்பியரும் காட்டும், தண்ணீர் மட்டும் ஒழுங்காக ஏறாது. எந்த விவசாயியும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. குழாய் வாயைப் பார்த்துவிட்டுத்தான் போவார். நம் பொறியாளர்கள் சத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

புரோட்டானோடு இது முடிந்துவிட்டதா? இல்லை. 2020 நவம்பரில் கூரூவிலிருந்து கிளம்பிய வேகா ராக்கெட்டில், நான்காவது நிலை எஞ்சினைத் திருப்பும் கருவிகளுக்கான கேபிள்கள் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. கிளம்பிய எட்டு நிமிடத்தில் இரண்டு செயற்கைக்கோள்கள் போயின.

சரி, என்ன செய்வது? முதலில், எதிர்பார்ப்பை எழுதிவைத்துவிட்டு அப்புறம் திருப்புங்கள். "செயற்கைக்கோளை மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகத் திருப்புகிறேன், இசட் அச்சில் பிளஸ் வரவேண்டும்" என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே திரையைப் பார்க்க வேண்டும். திரையை முதலில் பார்த்துவிட்டால் மனம் அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடும். வலதுகை விதியை எந்தக் கையால் வேண்டுமானாலும் காட்டக்கூடிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, மூன்று அச்சிலும் திருப்புங்கள். ஒரு மூவச்சு சென்சாரைத் தலைகீழாகக் கவிழ்த்தால் மூன்று அச்சும் மாறுவதில்லை, இரண்டுதான் மாறும். மாறாத அந்த ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு 'சரி' போட்ட அறிக்கையை நானே கையில் வாங்கியிருக்கிறேன். இதில் இன்னொரு பயனும் உண்டு. ஒரே ஒரு அச்சு மட்டும் குறி மாறி வந்தால், சென்சாரைக் கழற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எப்படிக் கவிழ்த்து வைத்தாலும் அப்படி வராது. வயரிங்கையோ மென்பொருளையோ பாருங்கள்.

மூன்றாவது, சென்சாரிலிருந்து, செயற்கைக்கோளைத் திருப்பும் குட்டி எஞ்சினான த்ரஸ்டர் வரை முழுச் சங்கிலியையும் ஒரே மூச்சில் சோதியுங்கள். செயற்கைக்கோளைத் திருப்பினால் எந்த வால்வு திறக்கிறது, சுழல்சக்கரம் எந்தப் பக்கம் வேகமெடுக்கிறது என்று பாருங்கள். சூரிய சென்சாருக்கு ஒரு டார்ச், காந்தச் சுருளுக்கு ஒரு திசைகாட்டி. பெரிய செலவில்லை.

குறி தப்பாக வந்தால், "மென்பொருளில் மாத்திக்கலாம் சார்" என்ற பதில் தயாராக இருக்கும். ஒரு குழுவில் இப்படித்தான் எக்ஸ் அச்சு மாறி வந்தது. சென்சார் டிரைவர் எழுதிய பெண் ஒரு மைனஸ் போட்டுச் சரி செய்தாள், யாரிடமும் சொல்லவில்லை. அதே வாரம் கட்டுப்பாட்டு நிரல் எழுதும் பையனும் ஒரு மைனஸ் போட்டான். இரண்டு மைனஸும் சேர்ந்து பழைய தவறை அப்படியே திரும்பக் கொண்டுவந்தன. தனித்தனியாகச் சோதித்தபோது இருவருக்கும் சரியாகவே இருந்தது. முழுச் சங்கிலியைச் சோதித்த அன்றுதான், சுழற்சியை நிறுத்த வேண்டிய சக்கரம் சுழற்சியை வேகப்படுத்துவதைப் பார்த்தார்கள். குறியை மாற்றும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

## பழைய தாளை வைத்து எரிபொருள் நிரப்புவது

2010 டிசம்பர் 5. அதே புரோட்டான், அதே மாதிரி மூன்று குளோனாஸ்-எம். இந்தமுறை ராக்கெட்டில் கோளாறு எதுவும் இல்லை. செயற்கைக்கோள்களைக் கடைசியாகச் சுற்றுப்பாதைக்குத் தள்ளும் மேல்நிலையான பிளாக் டிஎம்-03 புது வகை. அதன் தொட்டிகள் பெரியவை. நிரப்பும் கணக்கு மட்டும் பழைய வகையை ஒட்டியே இருந்தது. ஏறக்குறைய ஒன்றரை டன் திரவ ஆக்சிஜன் கூடுதலாக ஏறிவிட்டது. அந்த எடையைச் சுமந்து வேண்டிய வேகத்தை எட்ட முடியாமல், மூன்றும் ஹவாய்க்கு அருகே பசிபிக்கில் விழுந்தன.

ஒரு பாகம் மாறினால், அதைக் குறிப்பிடும் தாள்கள் எவை எவை என்ற பட்டியலும் கூடவே வரவேண்டும். இங்கே பெரும்பாலும் வருவது, "பழைய செக்லிஸ்ட்டில் தேதியை மட்டும் மாத்தியிருக்கோம்."

## வரைபடம் தடுக்கவில்லை என்பதால் செய்துவிடுவது

2014 ஆகஸ்டில் இரண்டு கலிலியோ செயற்கைக்கோள்கள் தவறான சுற்றுப்பாதைக்குப் போனதற்குக் காரணம் ஒரு பிடிப்பான். ஃபிரிகாட் மேல்நிலையில் குளிர்ந்த ஹீலியம் குழாயையும் ஹைட்ரசின் என்ற எரிபொருளின் குழாயையும் அருகருகே ஒரே தாங்கியில் கட்டியிருந்தார்கள். ஹீலியத்தின் குளிர் தாங்கி வழியாகக் கடந்துபோய் ஹைட்ரசினை உறைய வைத்தது. அப்படிக் கட்டக்கூடாது என்று வரைபடம் தெளிவாகச் சொல்லவில்லை. கட்டியவர் கையில் இருந்த தாளின்படி அவர் செய்தது தப்பே இல்லை. அந்த இரண்டு செயற்கைக்கோள்களும் பிறகு ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சோதிக்கப் பயன்பட்டன என்பது வேறு கதை. நீள்வட்டப் பாதையில் ஏறி இறங்கும் அணுக்கடிகாரங்கள் அதற்கு வசதியாகப் போயின.

இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் போனால், ஒவ்வொன்றும் எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர் என்று பொருத்துகிறவர் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ளும் வடிவமைப்பாளரிடம் இரண்டு முறை கேட்கலாம்.

## ஒருமுறை மட்டும் இயங்கும் பொருள்

2017 ஆகஸ்ட் 31 அன்று பிஎஸ்எல்வி-சி39 ராக்கெட்டின் வெப்பக்கவசம் பிரியவில்லை. ஐஆர்என்எஸ்எஸ்-1எச் வழிகாட்டுச் செயற்கைக்கோள் உள்ளேயே அடைபட்டுப்போனது. வெடிமருந்தால் பிரியும் எந்தப் பொருளிலும் ஒரு சங்கடம் உண்டு: பறக்கப்போகும் அந்த ஒன்றை யாரும் இயக்கிப் பார்க்க முடியாது. அதே தொகுதியில் வந்த அதன் உடன்பிறப்பைத்தான் சோதிக்கிறோம். எனவே தொகுதி எண்ணையும் சுற்றின் மின்தடை அளவையும் நீங்களே படியுங்கள். "ஓகே" என்று எழுதிய கட்டத்தை ஏற்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள்.

## போல்ட் நேற்று இருந்தது

இன்று இருக்கிறதா? 2003 செப்டம்பரில் கலிபோர்னியாவில் நோவா-என் பிரைம் வானிலைச் செயற்கைக்கோள் தரையில் விழுந்தது, தாங்கும் தட்டை வண்டியோடு இணைக்க வேண்டிய 24 போல்ட்டுகள் இல்லாததால். வேறொரு குழு கழற்றிக்கொண்டு போயிருந்தது.

## கடைசியாக ஒருமுறை கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பது

கூடாது. கழற்றினால் அதற்கு முன் செய்த சோதனை செல்லாது.

## சிவப்புத் துணிப் பட்டைகள்

பறக்கும் முன் கழற்ற வேண்டிய மூடிகளிலும் பின்களிலும் தொங்குபவை இவை. எத்தனை மாட்டினீர்களோ அத்தனையும் மேசைமேல் திரும்ப வரவேண்டும். எண்ணுங்கள்.

## மூடும் முன் படம்

ஒவ்வொரு பலகத்தையும் மூடும் முன் படம் எடுங்கள். அச்சுகளைக் காட்டும் ஸ்டிக்கர் படத்துக்குள் விழ வேண்டும். கனெக்டர் எண் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பொத்தாம்பொதுவாக நான்கு படம் எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டால் அது கணக்கில் வராது. ஆவணத்தின் எந்த வரிக்கு எந்தப் படம் என்று எண் போட்டுச் சேர்த்துவையுங்கள்.