மழையில் செப்பாங் போனால் ஒரு கியர் மேலே இருங்கள்

பின் சக்கர ஓட்டமுள்ள மெனுவல் காடியோடு மலேசியாவின் செப்பாங் ரேஸ் ட்ராக்கில் ஓடும்போது மழை பிடித்துக்கொண்டால், மெதுவான வளைவுகளில் வழக்கமான கியருக்கு ஒன்று மேலேயே வையுங்கள். இரண்டில் எடுக்கும் 9ஆம், 15ஆம் வளைவுகளை மூன்றில் எடுங்கள்.

இரண்டாம் கியரின் விகிதம் 2.0, மூன்றாவது 1.4 என்று வைத்துக்கொண்டால், அதே ஆக்சிலரேட்டர் மிதிக்குப் பின் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 30 சதவீதம் குறையும். வளைவை விட்டு வெளியே வரும்போது டயர் சட்டென்று வழுக்கிச் சுழலாது. உள்ளே நுழையும்போதும் இதே கதைதான்: பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடும், அந்த நேரத்தில் இரண்டாம் கியரின் எஞ்சின் பிரேக்கிங் (ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிப்பது) பின் சக்கரத்தை மட்டும் பிடித்து இழுத்தால் வால் தானாகவே முன்னால் வரப் பார்க்கும். ஒரு கியர் மாற்றம் மிச்சம் என்பதால் கிளட்சுக்கும் நல்லது.

காய்ந்த ட்ராக்கில் இப்படிச் செய்தால் நேரம்தான் வீண். முன் சக்கர ஓட்டக் காடிக்கு அவ்வளவு தேவையில்லை. அதிகமாக மிதித்தால் மூக்கு வெளியே போகும், மெதுவாகக் காலைத் தளர்த்தினால் திரும்பிவிடும். சிவிடி (விகிதம் தொடர்ந்து மாறும் ஆட்டோ கியர்பாக்ஸ்) உள்ள மைவி மாதிரிச் சின்னக் காடிக்கு நிலையான கியரே இல்லை, விட்டுவிடுங்கள். டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோ கியர்பாக்ஸ்) காடிகள் பெரும்பாலும் கியர் இறக்கும்போது எஞ்சின் வேகத்தைத் தாமே சரிசெய்துகொள்ளும், ஆனால் வெளியே வரும்போது மிதிப்பது உங்கள் கால்தான். டர்போ எஞ்சினா? மூன்றாம் கியரிலும் டயரைச் சுழற்றும், ஜாக்கிரதை.