நகராட்சிப் பணத்தை எங்கே போடுவது? கணக்கர்களுக்கு வகுப்பு எடுப்பவர்களுக்கு என் குறிப்புகள்

முதல் நாள் காலை டீ வருவதற்குள் மேசையில் ஆறு எஃப்.டி. ரசீதுகளைப் பரப்பிவிடுவேன். வங்கியின் பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்திருப்பேன். “இதில் போலி எது, கண்டுபிடியுங்கள்.” இருபது கணக்கர்களும் ரசீதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், முத்திரையைத் தடவுவார்கள், கையெழுத்தை ஒப்பிடுவார்கள். ஒருவர் மூன்றாவது என்பார், இன்னொருவர் ஐந்தாவது என்று சத்தியம் செய்வார். அரை மணி நேரம் போராடவிட்டு, “ஆறும் போலிதான். என் வீட்டு பிரிண்டரில் அடித்தது” என்பேன். வகுப்பு முடிந்ததும் அவர்கள் எதிரிலேயே கிழித்துப் போடுவேன்.

முப்பத்தோரு வருஷம் நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு டெல்டா பக்கத்து நகராட்சி, பேரூராட்சிக் கணக்கர்களுக்கு இந்த இரண்டு நாள் வகுப்பை எடுக்கிறேன். இதே வகுப்பை எடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வட்டி விகிதத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் இரண்டு நாளும் அதிலேயே போய்விடும். ரசீதில் ஆரம்பியுங்கள். ரசீது வெறும் தாள். பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறதா என்பதை அந்தத் தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதற்குப் பத்திரிகையில் வந்த கதைகளே போதும். 2020இல் சென்னைத் துறைமுகத்தின் டெபாசிட் விவகாரம். துறைமுகத்தின் அதிகாரி என்று சொல்லி ஒரு ஆள் அதே பெயரில் நடப்புக் கணக்கு திறக்கிறார், டெபாசிட்டுகள் முதிர்வுக்கு முன்பே முடிக்கப்படுகின்றன, 45 கோடி வெளியே போகிறது. விசாரணை சிபிஐ வரை போயிற்று. 2022 கடைசியில் கோழிக்கோடு மாநகராட்சியின் வங்கிக் கணக்குகளில் இருந்து 12 கோடிக்கு மேல் காணாமல் போனது. குற்றம் சாட்டப்பட்டவர் அந்த வங்கிக் கிளையிலேயே மேலாளராக இருந்தவர். இரண்டு இடத்திலும் வங்கி அரசு வங்கி. “அரசு வங்கிதானே மேடம்” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள், அதற்காகத்தான் இந்த இரண்டையும் கையில் வைத்திருக்கிறேன்.

பிறகு செய்முறை. டெபாசிட் போட்ட வாரத்திலேயே, ரசீதில் அச்சிட்ட எண்ணுக்கு இல்லாமல், வங்கியின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கோ மண்டல அலுவலகத்துக்கோ பேச வேண்டும். ரசீது எண், தொகை, முதிர்வுத் தேதி, எந்தக் கணக்குக்குப் பணம் திரும்பும் என்ற நான்கையும் எழுத்தில் உறுதி செய்து வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தை யாரும் கையில் கொண்டுவரக் கூடாது, தபாலிலோ வங்கியின் அலுவல் மின்னஞ்சலிலோ வரட்டும். இடையில் ஒரு தரகர், “நான் எல்லாம் பார்த்துக்கறேன் சார், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க” என்றால் கோப்பை மூடிவிடச் சொல்லுங்கள். டெபாசிட் போடும் ஆளும், மாதக் கடைசியில் வங்கிச் சரிக்கட்டுப் பட்டியல் (நம் ரொக்கப் புத்தகமும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது) போடும் ஆளும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சின்னப் பேரூராட்சியில் இரண்டு ஆளே கிடையாது என்பார்கள். உண்மைதான். அங்கே செயல் அலுவலரே மாதம் ஒருமுறை உட்கார்ந்து டிக் போடட்டும்.

மதியம்தான் பணத்துக்கு வருவோம். கரும்பலகையில் ஒரு கற்பனை நகராட்சி. வங்கி இருப்பு 6 கோடியே 40 லட்சம். “இவ்வளவும் டெபாசிட் போடலாமா?” பாதிக் கை தூக்கும். ஒவ்வொன்றாகக் கழிப்போம். நிதிக்குழு மானியத்தில் இன்ன வேலைக்கு என்று கட்டிவைத்தது 2 கோடி 10 லட்சம். குடிநீர் மற்றும் வடிகால் நிதி 1 கோடி 5 லட்சம். ஆரம்பக் கல்வி நிதி 70 லட்சம். ஒப்பந்தக்காரர்களின் முன்வைப்புத் தொகையும் பிடித்தமும் 85 லட்சம், அது அவர்கள் பணம், வேலை முடிந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் கிடக்கும் நூலக வரி 20 லட்சம். மீதி ஒன்றரைக் கோடி. சம்பளமும் ஓய்வூதியமும் மாதம் 55 லட்சம் என்றால் இரண்டு மாதத்துக்கு 1 கோடி 10 லட்சம் கையிருப்பு. கடைசியில் ஒரு வருஷத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியது 40 லட்சம்! வகுப்பில் சத்தமே இருக்காது. (மற்ற பணத்தையும் போடலாம்தான், ஆனால் அந்தந்த நிதியின் பெயரில், அது தேவைப்படும் நாளுக்குள் முதிரும்படி. வட்டியும் அந்த நிதிக்கே சேர வேண்டும். கல்வி நிதியின் வட்டியைப் பொது நிதியில் வரவு வைத்துத் தணிக்கைத் தடை (தணிக்கையாளரின் ஆட்சேபம்) வாங்கிய கதை எல்லா நகராட்சியிலும் உண்டு.)

அடுத்து அவரவர் ஊர்க் கணக்கை எடுக்கச் சொல்வேன். பன்னிரண்டு மாத ரொக்கப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் வகுப்பே வீண். சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. முதல் மாதத்துக்குள் கட்டினால் ஐந்து சதவீத ஊக்கத்தொகை என்பதால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பணம் வந்து குவியும். பிறகு வறண்டுவிடும். மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் அதற்காகக் காத்திருக்காது, தீபாவளி முன்பணமும் காத்திருக்காது. பணம் குவியும் மாதத்தில் 91 நாள், 182 நாள், ஒரு வருஷம் என்று பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றும் இருபத்தைந்தாம் தேதிக்கு முன்பாக முதிரும்படி நாள் குறிக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே ரசீதாகப் போட்டால், அவசரத்துக்குப் பத்து லட்சம் எடுக்க முழுதையும் உடைக்க நேரும். வட்டியில் அபராதமும் விழும்.

இங்கே என் சொந்தத் தவறைச் சொல்லிவிடுவேன். சொன்னால்தான் மற்றவர்களும் வாய் திறப்பார்கள். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் 18 லட்ச ரூபாய் ரசீது ஒன்று பீரோவில் தூங்கியது. எழுத்தர் மாறுதலில் போனார், பதிவேட்டில் முதிர்வுத் தேதிப் பத்தியை யாரும் நிரப்பவில்லை. நானும் பார்க்கவில்லை. முதிர்ந்து ஏழு மாதம் கழித்து, வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தும்போது கண்ணில் பட்டது. இப்போது நிலைமை இன்னும் மோசம். கேட்காமல் கிடக்கும் முதிர்ந்த டெபாசிட்டுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி, ஒப்பந்த வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் என்று 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பதிவேடு போதாது. கணக்கர், மேலாளர், ஆணையாளர் மூவர் மேசை நாள்காட்டியிலும் முதிர்வுத் தேதியைச் சிவப்பு மையில் எழுத வையுங்கள்.

இரண்டாம் நாள்தான் வட்டி. அதையும் நாடகமாகப் போடுவேன். ஒருவர் வங்கி மேலாளர், மார்ச் 28ஆம் தேதி, டார்கெட் முடிக்க வேண்டும். இன்னொருவர் கணக்கர். வங்கிக்காரர் கால் சதவீதம் கூடுதல் தருகிறேன் என்பார், மன்றக் கூடத்துக்கு நாற்காலி, இரண்டு குப்பை வண்டி என்று ஆசை காட்டுவார். நடிக்க வந்தவர்கள் பிரமாதமாக நடிப்பார்கள், பார்த்துப் பழகியதுதானே. முடிந்ததும் கணக்கு: 40 லட்சத்துக்குக் கால் சதவீதம் வருஷத்துக்குப் பத்தாயிரம் ரூபாய். வங்கி படுத்துவிட்டால் டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 5 லட்சம் வரைதான். பத்தாயிரத்துக்காக 35 லட்சத்தைப் பணயம் வைப்பதா?

படுக்குமா என்பார்கள். 2020 மார்ச் 5ஆம் தேதி யெஸ் வங்கியில் 50 ஆயிரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தபோது, மகாராஷ்டிராவின் பிம்ப்ரி சிஞ்ச்வாட் மாநகராட்சியின் பணம் ஏறத்தாழ 980 கோடி அங்கே மாட்டிக்கொண்டது. 18ஆம் தேதி தடை நீங்கியது, பணம் தப்பியது. ஆனால் மார்ச் மாதத்தில் அந்தப் பதின்மூன்று நாள் எப்படிப் போயிருக்கும் என்று கணக்கர்களிடம் விளக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் 2008இல் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளின் பணம் ஐஸ்லாந்து வங்கிகளில் மாட்டியது. அந்த வங்கிகளின் தர மதிப்பீடு இறங்கிய பிறகும் சிலர் பணம் போட்டிருக்கிறார்கள். பின்னாளில் பெரும்பகுதி திரும்பியது, ஆனால் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

கூடுதல் வட்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்கப் பழக்குங்கள். முதிர்வுக்கு முன் எடுக்க முடியாத டெபாசிட்டுக்கு வட்டி சற்றுக் கூடும். ஒரு கோடிக்கு மேல் போட்டால் வங்கி அந்த வகையைக் காட்டும், விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசு நிதி நிறுவனங்கள் வங்கியைவிடக் கூடுதல் தரும், ஆனால் அவை வங்கி இல்லாததால் டெபாசிட் காப்பீடு கிடையாது. அரசாணை அனுமதித்தால் போடலாம், தெரிந்து போட வேண்டும். அதே சமயம் பயந்துபோய் ஒரு கோடியை நடப்புக் கணக்கிலேயே விட்டுவைப்பதும் நியாயமில்லை. ஆறரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு ஆறரை லட்சம், ஒரு தெருவுக்கு விளக்குப் போடலாம்.

கடைசிப் பயிற்சி, ஒரு பக்கக் குறிப்பு. எந்த நிதி, எப்போது தேவை, எத்தனை வங்கியில் எழுத்தில் வட்டி விகிதம் கேட்டோம், அரசாணை அனுமதிக்கும் பட்டியலில் அந்த வங்கி இருக்கிறதா, ஏன் இதைத் தேர்ந்தோம். ஐந்து வருஷம் கழித்து வரும் தணிக்கையாளர் உங்களை அறியாதவர், அவருக்கு எழுதுங்கள் என்பேன். பக்கத்தில் இருப்பவர் படித்துக் கேள்வி கேட்பார். அதிகம் வரும் கேள்வி: “மிச்ச வங்கிகளோட லெட்டர் எங்க சார்?”

போன தடவை, வகுப்பு முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் எல்லோரையும் அவரவர் வங்கிக்குப் போன் போடச் சொன்னேன். தாழ்வாரத்தில் நின்று பேசிய ஒரு பேரூராட்சி செயல் அலுவலர் மட்டும் திரும்பி உள்ளே வந்தார். “மேடம், எங்களோடது ரெண்டு ரசீது ஜூன்லயே முதிர்ந்துடுச்சாம்.” அப்போது அக்டோபர். அன்றைய பஸ்ஸை விட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து புதுப்பிப்புக் கடிதத்தை எழுதினோம்.