ஃபேப்ரிக் பிறந்தநாளா? சனி இரவு நன்றாக நித்திரை கொள்ளுங்கள்

டிஜேக்கள் இசைக்க விடியவிடிய ஆடும் லண்டன் ஃபேப்ரிக் கிளப் 1999 அக்டோபரில் திறந்தது. ஒவ்வோர் அக்டோபரிலும் வரும் அதன் பிறந்தநாள் பார்ட்டி சனி இரவு தொடங்கி 30 மணி நேரம்வரைகூடப் போனதுண்டு. முதல் தடவை நான் இரவு பன்னிரண்டுக்கே போய் நின்றேன். நான் கேட்கப் போன டிஜே மேடையேறிய நேரத்தில் சுவரில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தேன். டிக்கெட் காசு போனது போனதுதான்.

அதனால் இப்போது என் வழி இது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவேன். ஞாயிறு காலை எழுந்து, குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலில் ஏறினால் மாறாமலே ஃபாரிங்டனில் இறங்கலாம். சில ஞாயிறுகளில் பாதை வேலை என்று ரயிலை நிறுத்திவிடுவார்கள், முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைப் பக்கம் நடந்தால் கிளப் வந்துவிடும். ஒரு காலத்தில் இறைச்சி வைத்த குளிர்கிடங்கு அது.

டிக்கெட் வாங்கும்போதே உள்ளே விடும் கடைசி நேரத்தையும், வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்பதையும் வாசித்துவிடுங்கள். அசல் அடையாள அட்டை வேண்டும். 2016இல் போதைப்பொருள் சாவுகளால் உரிமம் பறிபோய், 2017 ஜனவரியில்தான் மறுபடி திறந்த இடம் இது. வாசலில் சோதனை கடுமையாகத்தான் இருக்கும். தலைவலி மாத்திரையை உதிரியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

சப்பாத்துதான் முக்கியம். ‘ரூம் ஒன்’ என்ற அறையின் தரைக்கு அடியில், இசைக்கேற்பத் தரையை அதிரவைக்கும் 400க்கும் மேற்பட்ட அதிர்விகள் பொருத்தியிருக்கிறார்கள். பேஸ், அதாவது அடித்தள ஓசை, காதுக்கு வருமுன் காலுக்கு வரும். தடித்த அடியுள்ள சப்பாத்துப் போட்டால் பாதி போச்சு. மெல்லிய ரப்பர் அடி நல்லது. காதடைப்பான் கட்டாயம். தண்ணீர் பாரில் சும்மா தருவார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

இனி, டிஜேயைக் கேட்பது எப்படி? இந்தப் பிறந்தநாளில் பல தடவை வாசித்தவர் ரிக்கார்டோ வில்லலோபோஸ். சிலியில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்தவர். அவருடைய ஒரு ட்ராக் 37 நிமிடம் ஓடும் என்றால் ஆளின் பொறுமை புரியும். அவர் வரும் வருடம் அவருக்காகவே நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு “ஒரே மாதிரி அடிக்கிறார்” என்று சொன்ன என் மச்சானை அதற்குப் பிறகு கூட்டிப் போகவில்லை.

ஹவுஸ் என்ற இந்த நடன இசையில் கிக், அதாவது கனத்த டிரம் அடி, நாலு எண்ணிக்கைக்கும் விழும், நிமிடத்துக்குச் சுமார் 125. அதை விட்டுவிடுங்கள், அது தன்பாட்டில் போகும். மேலே கேளுங்கள். அடுத்த இசைத்தட்டின் ஹை-ஹாட் (டிரம்மோடு வரும் தாளத்தட்டின் ஓசை) மட்டும் முதலில் மெல்ல நுழையும். இரண்டு பேஸ் சேர்ந்தால் ஓசை கலங்கிவிடும் என்பதால் ஒன்றின் பேஸைக் குறைத்துத்தான் மற்றதை ஏற்றுவார்கள். அந்த மாற்றம் பெரும்பாலும் 16 அல்லது 32 எண்ணி முடியும் இடத்தில் விழும். எண்ணிக்கொண்டே ஆடுங்கள்; ஓரிரு மணி நேரத்தில் மாற்றம் வருமுன்னே உங்கள் கால் அறிந்துவிடும். யாழ்ப்பாணத்துத் திருவிழாவில் விடியவிடியத் தவில் சமா கேட்டவர் என் அப்பா. அவருக்கு இதை விளக்கினேன். “தீர்மானம் வைக்கிறது மாதிரியோ?” என்று கேட்டார். தவிலில் ஒரு பகுதியை முடித்துவைக்கும் அடிதான் தீர்மானம். கிட்டத்தட்ட அதேதான்.

நிற்க நல்ல இடம் அறையின் நடு. டிஜே முகத்தைப் பார்க்க முன்னால் முண்டியடிப்பது வீண், அவர் தட்டுத் தேடிக் குனிந்துதான் இருப்பார். இரண்டு மணிக்கொரு தடவை படியில் போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள்.

ஆட்டம் முடிய முன்பே, கால் சொன்னபோது கிளம்புங்கள். அதே ரயில்தான். ஈஸ்ட் ஹாமுக்கு அடுத்த நிலையமான பார்க்கிங்கோடு (Barking) ரயில் நின்றுவிடும். நித்திரை கொண்டாலும் ஒரு நிலையம்தான் தவறும்.