தோல் புற்றுநோய்: 94 சதவீதத்தைப் படிப்பதில் நேரும் தவறுகள்

தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்றுநோய் மெலனோமா. அமெரிக்காவில் 1970களின் நடுவில் அதன் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு விகிதம், அதாவது கண்டுபிடித்து ஐந்தாண்டு கழித்தும் உயிரோடிருப்பவர்களின் பங்கு, சுமார் 82 சதவீதம். இப்போது ஏறத்தாழ 94. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து, "சிகிச்சை இவ்வளவு முன்னேறிவிட்டது" என்று முடிவுகட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

ஒருவர் 70 வயதில் இந்த நோயால் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 67 வயதில் கண்டுபிடித்திருந்தால், அவர் ஐந்து ஆண்டைத் தாண்டாதவர். 63 வயதிலேயே கண்டுபிடித்து, அப்போதும் 70-ல்தான் இறந்தார் என்றால், கணக்கில் அவர் பிழைத்தவர். ஆயுள் ஒரு நாள்கூட நீளவில்லை! அப்புறம், அப்படியே விட்டிருந்தாலும் உயிருக்கு ஆபத்து செய்திருக்காத மெல்லிய கட்டிகளும் இப்போது வெட்டியெடுக்கப்பட்டு மெலனோமா கணக்கில் சேர்கின்றன. அவையும் விகிதத்தை மேலே தூக்கும். 1975க்குப் பிறகு அங்கே மெலனோமா கண்டறியப்படுவது ஏறக்குறைய ஆறு மடங்கானது. மொத்த மக்கள்தொகையில் எத்தனை பேர் இந்த நோயால் இறக்கிறார்கள் என்று சொல்லும் இறப்பு விகிதமோ பல பத்தாண்டுகள் பெரிதாக அசையவில்லை. அதனால் இறப்பு விகிதத்தையும் சேர்த்தே பாருங்கள்.

சரி, அப்படியானால் எல்லாம் வெறும் கணக்குதானா? அப்படி நினைப்பது இன்னும் மோசமான தவறு. 2011க்கு முன்பு, உடலின் மற்ற உறுப்புகளுக்குப் பரவிய மெலனோமா வந்தவர்களில் பெரும்பாலோர் ஓராண்டைக்கூடத் தாண்டவில்லை. அந்த ஆண்டில் இபிலிமுமாப், 2014-ல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று, நம் எதிர்ப்புச் சக்தியையே புற்றின் மீது ஏவும் மருந்துகள் வந்தன. இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட ஓர் ஆய்வில், முற்றிய நோயாளிகளில் 43 சதவீதத்தினர் பத்தாண்டு கழித்தும் உயிரோடிருந்தார்கள். இறப்பு விகிதமும் 2013க்குப் பின் கண்கூடாக இறங்கியது. இந்த முன்னேற்றம் நிஜம்.

அந்த 94-ஐ அப்படியே தனக்குப் பொருத்திக்கொள்வதும் சரியல்ல. தோலோடு நின்ற மெலனோமாவுக்கு விகிதம் கிட்டத்தட்ட 100. தொலைவில் பரவியதற்கு 35 அளவில்தான். தோல் புற்றுநோய்களிலேயே மிக அதிகம் பேருக்கு வரும் வேறொரு வகையான பேசல் செல் புற்றுநோய் இந்தக் கணக்கிலேயே வராது.

"கருத்த தோலுக்கு மெலனோமா வராது" என்ற நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருவது. வருவது குறைவு, உண்மைதான். ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் உற்றுப் பார்க்காத இடத்தில் வருகிறது. தாமதமாகத் தெரிவதால் பிழைப்பு விகிதமும் குறைகிறது. ஒரே ஒரு நகத்தில் அடியிலிருந்து நுனிவரை ஓடும் கருங்கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலில் இறங்கினாலோ, அடிபட்ட இரத்தக்கட்டு என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.