சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு முன் பிள்ளைக்குக் கொடுக்கும் பயம் தணிக்கும் மருந்து: எங்கே தவறுகிறது?

ஹட்டன், பதுளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து சத்திரசிகிச்சைக்கு வரும் பிள்ளைகள் விடியுமுன்னே பஸ் ஏறவேண்டியிருக்கிறது. வழியில் அழாமல் தூங்கட்டும் என்று தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்தான பிரிட்டோன் (Piriton) சிரப் ஒரு கரண்டி கொடுத்துவிடும் வீடுகள் உண்டு. அதன்மேல் வாட்டில் கொடுக்கும் பயம் தணிக்கும் மருந்தான மிடசொலாமும் சேர்ந்தால் தூக்கம் ஆழமாகி மூச்சு மந்தமாகலாம். கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஏசுவார்களே என்று பயப்படவேண்டாம்; ஏசினாலும் பரவாயில்லை. இரவில் பலமாகக் குறட்டை விடும், டொன்சில் பெருத்த பிள்ளை என்றாலும் சொல்லத்தான் வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மருந்தைக் குறைப்பார்கள், அல்லது தவிர்ப்பார்கள்.

அடுத்தது தேத்தண்ணி. வெறுந்தேத்தண்ணி என்றால் மயக்கமருந்து கொடுப்பதற்கு 2 மணித்தியாலத்துக்கு முன்புவரை குடிக்கலாம். பால்மா கலந்துவிட்டால் அது உணவுக் கணக்கு. ரொட்டியைப் போலவே 6 மணித்தியாலம் இடைவெளி வேண்டும். தாய்ப்பாலுக்கு 4.

வாட்டில் நடக்கும் பெரிய தவறு நேரம் பிசகுவது. வாயால் கொடுக்கும் மிடசொலாம் வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். முக்கால் மணி கடந்தால் இறங்கத் தொடங்கும். தியேட்டரிலிருந்து அழைப்பு வந்தபின் கொடுத்தால் பிள்ளை கதறிக்கொண்டே போகும். விடியற்காலையிலேயே எல்லாருக்கும் கொடுத்துவிட்டால், வரிசையில் கடைசிப் பிள்ளைக்கு முறை வரும்போது மருந்தின் வேலை எதுவும் மிஞ்சாது.

அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 15 கிலோ பிள்ளைக்கு 7.5 மில்லிகிராம். பழைய கிளினிக் அட்டை நிறையை நம்பாமல் அன்றே நிறுக்கவேண்டும். இன்னொரு கண்ணி: வாயால் கொடுக்க எடுக்கும் ஊசிக்குப்பி மருந்து 1 மில்லிலீற்றரில் 1 மில்லிகிராமாகவும் வரும், 5 மில்லிகிராமாகவும் வரும். இதே பிள்ளைக்கு முதலாவதில் 7.5 மில்லிலீற்றர், இரண்டாவதில் 1.5. லேபலை வாசிக்காமல் உறிஞ்சினால் ஐந்து மடங்கு பிசகு.

கசப்பு தாங்காமல் துப்பிவிட்டால் மறுபடி முழு அளவு கொடுக்கக்கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் கொஞ்சம் இனிப்புப் பாணியில் கலந்து, நாக்கின் மேல் விடாமல் கன்னத்தின் உட்பக்கம் மெதுவாக விடுகிறோம்.

கொடுத்தபின் பிள்ளை மடியில் அல்லது கட்டிலில், ஒருவர் கண்பார்வையில் இருக்கவேண்டும். நுவரெலியாக் குளிரில் விரல் விறைத்திருந்தால் ஒக்சிசன் பார்க்கும் கருவி சரியாகக் காட்டாது. கையைப் போர்த்திச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் அமைதியாவதற்குப் பதில் உதைத்து அலறுவார்கள். அது பிடிவாதமல்ல, மருந்தின் எதிர்விளைவு. அதட்டாமல் உடனே மயக்கமருந்து வைத்தியரை அழையுங்கள்.

"ஒன்னும் வலிக்காது, வீட்டுக்குத்தான் போறோம்" என்ற பொய் வேண்டாம். "முகமூடி வைப்பாங்க, தூங்கிருவே, எழும்பும்போது அம்மா பக்கத்தில இருப்பேன்" என்பதே போதும்.

அன்றே வீட்டுக்கு அனுப்பினாலும் தள்ளாட்டம் சில மணித்தியாலம் நீடிக்கலாம். லயத்துப் படிக்கட்டில் அன்று தனியாக இறங்கவிடாதீர்கள்.