எஸ்பிரெசோ மெஷினில் பிரஷர் சுவிட்ச் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காபிக் கடையில் எஸ்பிரெசோ மெஷின் சூடாகவில்லை என்றால் பலரும் முதலில் கைவைப்பது பாய்லர் பிரஷர் சுவிட்சில்தான். ஸ்டீம் அதிகமானாலும் அதைத்தான் குறை சொல்கிறார்கள், குறைந்தாலும் அதைத்தான். புதிது வாங்கி மாட்டிய பிறகும் பழைய கோளாறு அப்படியே இருப்பதற்கு இந்த அவசரமே காரணம்.

அந்தச் சுவிட்ச் செய்யும் வேலை எளிமையானது. பாய்லரில் பாதிக்கு மேல் தண்ணீர், அதன் மேல் நீராவி. நீராவியின் அழுத்தம் ஒரு டயாஃப்ரத்தை (மெல்லிய சவ்வை) தள்ளுகிறது. எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் நிற்கிறது. அழுத்தம் ஸ்பிரிங்கை மிஞ்சினால் காண்டாக்ட் (மின்சாரம் கடக்கும் முனைகள்) பிரிந்து ஹீட்டர் அணையும், குறைந்தால் மறுபடி சேரும். மூடிய பாய்லரில் நீராவியின் அழுத்தமும் வெப்பமும் ஒன்றையொன்று விட்டுப் போகாது. கேஜில் (அழுத்தம் காட்டும் மீட்டரில்) 1 பார் என்றால் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி, 1.2 பார் என்றால் 123 டிகிரி செல்சியஸ். ஆகவே பெயர்தான் பிரஷர் சுவிட்ச், உண்மையில் அது மெஷினின் வெப்பக் கட்டுப்பாடு. ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகை மெஷினில் காபிக்குப் போகும் தண்ணீரும் இந்தப் பாய்லருக்குள் ஓடும் குழாய் வழியாகத்தான் சூடாகிறது. பாலுக்கான ஸ்டீம் மட்டுமல்ல, காபியின் ருசியும் இதைப் பொறுத்தது.

முதல் தவறு, சோதிக்காமல் மாற்றுவது. மெஷின் சூடாகவே இல்லையென்றால் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சின் ஒரு பக்க ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போது காண்டாக்ட் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருந்தால் பெரும்பாலும் கோளாறு வேறிடத்தில்: ஓவர்ஹீட் கட்-அவுட் (சூடு மீறினால் ஹீட்டரை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்திருக்கலாம், எலிமெண்ட் (ஹீட்டரின் சூடாகும் கம்பி) போயிருக்கலாம், தண்ணீர் மட்டம் பார்க்கும் கன்ட்ரோல் பாக்ஸ் ஹீட்டரைத் தடுத்திருக்கலாம். கட்-அவுட் விழுந்திருந்தால் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடக் கூடாது. ஏன் விழுந்தது என்று தெரியாமல் மெஷினை ஓட்டினால் அடுத்துப் போவது எலிமெண்ட்.

இன்னொரு அறிகுறி பலரை ஏமாற்றுகிறது. கேஜ் 1 பார் காட்டும். ஸ்டீம் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று கொஞ்சம் வந்து முள் விழுந்துவிடும். இது சுவிட்சின் குற்றமில்லை. பாய்லருக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. மெஷின் குளிர்ந்த நிலையிலிருந்து சூடாகும்போது வேக்யூம் பிரேக்கர் வால்வு திறந்திருந்து காற்றை வெளியே விட வேண்டும். நீராவி வரத் தொடங்கியதும் மூடிக்கொள்ள வேண்டும். அது மூடியபடியே ஒட்டிக்கொண்டால் காற்றின் அழுத்தமும் சேர்ந்து சுவிட்சைத் தள்ளி, தண்ணீர் சரியாகச் சூடாகும் முன்பே ஹீட்டரை அணைத்துவிடும். எத்தனை சுவிட்ச் மாற்றினாலும் இது தீராது.

அழுத்தம் நிற்காமல் ஏறிப் போனால் காண்டாக்ட் உருகி ஒட்டியிருக்கிறது என்று சந்தேகிப்பது நியாயம். ஆனால் ஹீட்டர் ஒரு காண்டாக்டர் (பெரிய மின்சுமையைத் தாங்கும், காயிலால் இயங்கும் தனி சுவிட்ச்) வழியாக ஓடும் மெஷின்களில் ஒட்டியிருப்பது அந்தக் காண்டாக்டராகவும் இருக்கலாம். இரண்டையும் பாருங்கள். மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது பாய்லரிலிருந்து சுவிட்சுக்கு வரும் மெல்லிய செம்புக் குழாய். போர் தண்ணீரை முறையாக மென்மையாக்காமல் விடும் கடைகளில் இந்தக் குழாயின் வாயில் உப்பு படிந்து அடைத்துவிடும். அப்போது பாய்லரில் அழுத்தம் ஏறுவது சுவிட்சுக்குத் தெரியவே தெரியாது. புதுச் சுவிட்ச் வாங்கும் செலவோடு பார்த்தால் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வது ஒன்றுமே இல்லை, ஆனாலும் அதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். சில மெஷின்களில் இந்தக் குழாய் ஒரு சுற்று வளைந்து வரும். அது அழகுக்காக இல்லை. வளைவில் தங்கும் குளிர்ந்த நீர், சுடு நீராவி நேரே டயாஃப்ரத்தில் படாமல் காக்கிறது. அதை நிமிர்த்தவோ வெட்டிச் சுருக்கவோ வேண்டாம்.

சுவிட்ச்தான் போயிருக்கிறது என்று உறுதியான பிறகு வருவது பெரிய தவறு: மரை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குவது. கால் அங்குல மரை பலவற்றில் ஏறும். ஆனால் பார்க்க வேண்டியது ஆம்பியர். 3000 வாட் எலிமெண்ட் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். 4000 வாட் என்றால் 17 ஆம்பியருக்கு மேல். 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் சிறிய ஒற்றைக் காண்டாக்ட் சுவிட்சை அந்த 4000 வாட் எலிமெண்டுக்கு நேரடியாக மாட்டினால் அதுவும் ஓடும், கொஞ்ச நாளைக்கு. ஒவ்வொரு முறை பிரியும்போதும் பொறி பறந்து காண்டாக்ட் கருகும், கடைசியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது. மூன்று ஃபேஸ் இணைப்பில் ஓடும் மெஷினுக்குச் சிராய் (Sirai) கம்பெனியின் பி303 போல மூன்று காண்டாக்ட் உள்ள சுவிட்ச் வேண்டும். அதே குடும்பத்தின் பி302-இல் இரண்டுதான். சிறிய சுவிட்சைத்தான் போட வேண்டிய நிலை என்றால் ஹீட்டரின் சுமையைக் காண்டாக்டரிடம் கொடுத்து, சுவிட்ச் அதன் காயிலை மட்டும் இயக்கும்படி அமைக்கலாம். என் பரிந்துரையும் அதுதான். சுவிட்சின் ஆயுள் நன்றாகக் கூடும்.

அழுத்த எல்லையையும் பாருங்கள். காபி மெஷினுக்கானவை பொதுவாக 0.5 முதல் 1.4 பார் வரை. துணி இஸ்திரி போடும் ஸ்டீம் பாய்லர்களுக்கு வருபவை இதைவிடப் பல மடங்கு அழுத்தத்துக்கானவை, உருவமோ ஏறக்குறைய ஒன்று. எலக்ட்ரானிக் கன்ட்ரோலும் சென்சரும் உள்ள புதிய மெஷின்கள் பலவற்றில் இந்த வகைச் சுவிட்சே கிடையாது, ஆர்டர் போடும் முன் திறந்து பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது மெஷினின் பட்டனை அணைத்தால் போதாது; எம்.சி.பி.யை (மின்பலகையில் உள்ள பிரேக்கரை) இறக்குங்கள். கேஜ் பூஜ்யத்துக்கு வந்த பிறகு ஸ்டீம் குழாயையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் நட்டில் கைவைக்க வேண்டும். ஒரு ஸ்பேனரால் குழாயைப் பிடித்து இன்னொன்றால் திருப்புங்கள், இல்லையேல் செம்புக் குழாய் முறுகிவிடும். டெஃப்லான் டேப் சுற்றினால் மரையின் முதல் சுற்றை விட்டுவிடுங்கள். கிழிந்த துணுக்கு ஒன்று போதும், அந்தச் சிறு துளையை அடைக்க. கருகிய லக்கை (ஒயர் நுனியில் அடித்திருக்கும் உலோக முனையை) அப்படியே புதுச் சுவிட்சில் செருகுவது அடிக்கடி காணும் தவறு. தளர்ந்த லக் சூடாகி புது டெர்மினலையும் எரிக்கும். வெட்டிப் புது லக் அடியுங்கள், வெப்பம் தாங்கும் சிலிக்கான் ஒயர் போடுங்கள்.

புதிது வரும்வரை வியாபாரம் நிற்கக் கூடாது என்று சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒயரால் சேர்த்துவிட்டு, கேஜைப் பார்த்துக் கையால் அணைத்து அணைத்துப் போடும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கூட்ட நேரத்தில் யார் கேஜைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? அதன் பிறகு மிஞ்சுவது பொதுவாக 1.8 பாரில் திறக்கும் சேஃப்டி வால்வு ஒன்றுதான். அது அடிக்கடி சீறுகிறது என்று அதையும் முறுக்கி அடைப்பது, குக்கர் வெயிட்டின் மேல் அம்மிக்கல்லை வைப்பதற்குச் சமம். அந்த மெஷினின் முன்னால் நாள் முழுக்க நிற்பவர் ஒரு மனிதர். ஒரு நாள் வியாபாரம் போனால் போகட்டும்.

அழுத்தத்தைச் சரிசெய்யும் முன், மெஷின் குளிர்ந்திருக்கும்போது கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பொய் சொல்லும் கேஜை நம்பித் திருப்பினால் எல்லாமே பொய்யாகும். திருகில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். ஊகித்துத் திருப்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி திசை மாறும். கால் சுற்று திருப்பி, ஹீட்டர் இரண்டு மூன்று முறை அணைந்து எரியும்வரை காத்திருங்கள். 1 பார் அளவில் 0.1 பார் மாற்றம் என்பது சுமார் ஒன்றரை டிகிரி.

சென்னையில் செட் செய்த மெஷினை ஊட்டிக்கு அனுப்பினால் அங்கே மறுபடி செட் செய்ய வேண்டும். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தை. 2240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே கால் பார் அளவுக்குக் குறைவு. ஆகவே அதே 1 பாரில் அங்கே பாய்லர் ஏறக்குறைய 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். இதை ஈடுகட்ட வேண்டுமானால் சுவிட்சின் எல்லைக்குள்ளும் சேஃப்டி வால்வுக்கு நன்றாகக் கீழேயும் நிற்கும்படி சற்று உயர்த்தலாம்.

எல்லாம் முடிந்ததும் உடனே மூடியைப் போட வேண்டாம். வெந்நீர் எடுத்து, ஸ்டீம் விட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஜாயின்ட்டில் ஈரம் தட்டுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுங்கள். சொட்டும் நீர் முதலில் விழுவது கீழே இருக்கும் ஒயர்களின் மேல்தான்.