காலைச் சர்க்கரையை முந்தின இரவே கவனியுங்கள்

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை 118 (மி.கி./டெ.லி.) வந்தது. 100-க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126-ஐத் தொட்டால் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். பயத்தில் நான் இரவுச் சாப்பாட்டையே நிறுத்தினேன். மறுநாள் காலை 121. பட்டினி கிடந்தும் ஏறுகிறதே என்று அழுகையே வந்துவிட்டது.

காரணம் கல்லீரல் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. நாம் தூங்கும்போது உடம்புக்கு வேண்டிய குளுக்கோஸை, அதாவது சர்க்கரையை, அதுதான் ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடும், அப்போது இன்னும் கொஞ்சம் விடும். இன்சுலின் அதை அடக்க வேண்டும். இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காதபோது காலை அளவு ஏறிவிடுகிறது. ஆகவே பட்டினி கிடப்பதைவிட, இன்சுலின் சொல்பேச்சை உடம்பு கேட்கும்படி செய்வதுதான் வழி.

அதற்கு நடையை மிஞ்சியது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. இரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் உட்காராமல் 15 நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடமாவது வேகமாக நடந்த கணக்கு வர வேண்டும். அப்புறம் தசைக்கும் வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வதில் நான் தொடங்கினேன். முதல் நாள் ஆறாவது முறையே தொடை நடுங்கியது.

இரவுத் தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், மீதிக் கால் பங்குதான் மாவுச்சத்து. தூங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள், பிறகு கொறிக்க வேண்டாம். உடல் எடை அதிகம் இருந்தால் அதில் 5 முதல் 7 சதவீதம் குறைந்தாலே நல்ல பலன் தெரியும். தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும்.

வீட்டில் அளக்கும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்துங்கள். ஒருநாள் மகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்த கையோடு பார்த்தேன், 163 காட்டியது. கழுவிவிட்டுப் பார்த்தால் 112! விரலில் ஒட்டிய பழச்சாறுதான் அவ்வளவு பயமுறுத்தியது. ஒரு நாள் அளவை வைத்துக் கலங்காதீர்கள். நோட்டில் எழுதி வாரச் சராசரியைப் பாருங்கள். எனக்கு 104-க்கு வர மூன்று மாதம் ஆனது.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே இதைத் தொடங்குங்கள், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடையும் சாப்பாட்டு மாற்றமும் மருந்தோடு சேரும்போது சிலருக்கு அளவு 70-க்குக் கீழே போய்விடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும்.